நாலு ஜாவும் தனி ரூட்டு!

சிவகாசின்னா பட்டாசு மட்டுமா? காலண்டர் அடிக்கிற ஆஃப்செட் மெஷினும்தான் பாஸ்! அதுல சிலிண்டர்களுக்கு நடுவுல இடைவெளியைக் கூட்டிக் குறைக்க ‘எக்சென்ட்ரிக் புஷ்’னு ஒண்ணு உண்டு. வெளியே வட்டம், உள்ளே துளை மட்டும் மையம் விலகியிருக்கும். தேய்ஞ்சுபோனா புதுசு கடையணும். லேத்துல எந்த சக்கை மாட்டுவீங்க?

மூணு ஜா சக்ல சாவியைத் திருகினா மூணு தாடையும் சேர்ந்தே நகரும். உருண்டை, அறுகோணக் கம்பிக்கு சூப்பர். மையத்தை விட்டு விலக்கிப் பிடிக்கணும்னா, அது சரிப்படாது. நாலு ஜா சக்ல ஒவ்வொரு தாடையும் தனித்தனி. சதுரம், கோணல்மாணல் வார்ப்பு, நம்ம புஷ்... எல்லாத்துக்கும் ஈடுகொடுக்கும்.

மெஷினை நிறுத்திட்டு, புஷ்ஷோட வெளிவட்டத்துல டயல் கேஜை வெச்சு, சக்கைக் கையால சுத்துங்க. துளை 1 மி.மீ. விலகணும்னா முள் மொத்தம் 2 மி.மீ. ஆடணும். எதிரெதிர் தாடைல ஒண்ணைத் தளர்த்தி, இன்னொண்ணை இறுக்கி அதைக் கொண்டுவரணும்.

நேரம் பிடிக்கும்தான். அஞ்சு நிமிஷம் மிச்சம் பிடிக்க கோணல் ஜாபை மூணு ஜால மாட்டினா, ஓடும்போது பிடி விட்டுப் பறக்கும். எதிர்ல நிக்கிறது நீங்க! நாலு ஜாலயும் எடை ஒரு பக்கம் சாஞ்சா வேகத்தைக் குறைங்க. ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி, சக் சாவியை எடுத்தாச்சான்னு ஒரு தடவை பார்த்துடுங்க மக்கா!