குரங்குகளும் சங்கம் அமைக்கும்!



இந்த மாதம் கொஞ்சம் சிரித்துக்கொண்டே சிந்திப்போம்.

1964ஆம் ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒருவர் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார். வேலைக்கு ஆள் கிடைக்காத பிரச்சினைக்கு அவர் ஒரு வழி சொன்னார். குரங்குகளின் அறிவை விஞ்ஞானத்தின் உதவியால் வளர்த்து வேலைக்கு வைத்துக்கொள்ளலாமாம். அடுத்த மூச்சிலேயே அவர் இன்னொன்றும் சொன்னார். அறிவு வளர்ந்த குரங்குகள் சும்மா இருக்காது, காலப்போக்கில் தொழிற்சங்கம் அமைத்துவிடும், நாமும் பழைய இடத்துக்கே வந்து சேருவோம் என்றார்.

அவர்தான் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். இங்கிலாந்தில் பிறந்து, 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தவர். அவர் சிரிப்புக்காகச் சொன்ன குரங்குக் கதை தோட்டத்து மக்களுக்குப் புதிய கதை இல்லை. கேள்வி கேட்காமல் உழைக்கும் ஆட்கள் வேண்டும் என்றுதான் நம் பாட்டன் பாட்டிகளைக் கடல் கடந்து கூட்டி வந்தார்கள். அவர்களோ கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடி ஆட்களைத் திரட்டினார். உழைப்பவருக்கு அறிவு இருந்தால் கணக்கும் கேட்பார் என்பதை கிளார்க்குக்கு முன்பே இந்த மலைகள் கண்டுவிட்டன.

கிளார்க் சொன்னவை எல்லாம் வேடிக்கை அல்ல. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகளை நிறுத்தினால், அவை பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும், அவற்றின் வழியாக உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்று 1945இலேயே அவர் எழுதினார். இன்று நம் லயத்துக் கூரைகளில் இருக்கும் 'டிஷ்' எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்பதற்கு அதுதான் காரணம். வானத்துச் செய்மதி கூரைக்கு வந்துவிட்டது. அந்தக் கூரை மட்டும் பல தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்து லயத்துக் கூரையாகவே இருக்கிறது.

1979இல் வந்த நாவல் ஒன்றில் அவர் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கியே கட்டினார். அதன் அடிவாரம் நம் சிவனொளிபாதமலையை மனதில் வைத்து அவர் கற்பனை செய்த ஒரு மலை. இப்படிப்பட்ட மின்தூக்கி பூமத்திய ரேகையில்தான் நிற்க முடியும் என்பதால், கதைக்காக இலங்கைத் தீவையே சுமார் 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளி வைத்தார்! எழுத்தாளருக்கு ஒரு தீவையே நகர்த்த முடிகிறது. நம் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி வாங்கிக் கொடுக்கவே எத்தனை கடிதங்கள் எழுத வேண்டியிருக்கிறது!

சரி, கற்பனை அவருக்கு மட்டும் சொந்தமா? அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் நான் நடத்தும் மாதர் கூட்டங்களில், "உங்களுக்கு என்ன கருவி வேண்டும்?" என்று கேட்டுப் பார்த்தேன். முதலில் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். பிறகு நிறுத்தவே முடியவில்லை. ஒருவருக்கு அட்டைகளை விரட்டும் சப்பாத்து வேண்டும். ஒருவருக்கு வீட்டுக்காரர் சம்பளக் காசோடு சாராயக் கடைப் பக்கம் திரும்பினால் சத்தம் போடும் பணப்பை வேண்டும். இன்னொருவர் கேட்டது பேசும் கொழுந்துப் பை: "அக்கா, பதினெட்டுக் கிலோ வந்திருச்சு, இனிப் போதும்" என்று அது சொல்ல வேண்டுமாம். கொழுந்து பறிக்கும் ரோபோ வரப்போகிறது என்று நான் சொன்னதும் ஓர் அம்மா கேட்டார்: "மிஸ், மழை பேஞ்சு பறிக்க முடியலைன்னா அதுக்கும் அரைப்பேர்தான் போடுவாங்களா?"

இந்தக் கேள்வியில் பெரிய விஷயம் இருக்கிறது. பேசும் பை கற்பனைதான். ஆனால் சில தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. பறித்தவரின் பெயரும் நிறையும் நேரே கணினிக்குப் போகின்றன. தராசு பொய் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் ஈரத்துக்கு இவ்வளவு, பைக்கு இவ்வளவு என்று எத்தனை கிலோவைக் கழிப்பது என்பதைத் தராசு தீர்மானிப்பதில்லை, அதை ஒரு மனிதர்தான் தீர்மானிக்கிறார். எண் தெரியும் பக்கம் யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது, நிறுத்தவுடன் பறித்தவர் கையில் துண்டு கிடைக்கிறதா என்பவைதான் நாம் பார்க்க வேண்டியவை.

லிப்டன் துரை தன் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தை இன்றும் 'லிப்டன் சீட்' என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். இனி அந்த வேலையை ட்ரோன் செய்யலாம். எந்த மலையில் யார் குனிந்து பறிக்கிறார், யார் நிமிர்ந்து நிற்கிறார் என்று அது துல்லியமாகக் காட்டும். அதே ட்ரோனுக்கு ஒழுகும் கூரையும் தெரியும், பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத மலையும் தெரியும். எதைப் பார்க்கச் சொல்லி அனுப்புகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இயந்திரம் வந்தால் நேரம் மிச்சமாகும் என்கிறார்கள். ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983இல் ஒரு நூல் எழுதினார். சலவை இயந்திரமும் மின்னடுப்பும் வந்த பிறகும் அமெரிக்கத் தாய்மாரின் வீட்டு வேலை நேரம் பெரிதாகக் குறையவில்லை என்பதை அதில் காட்டினார். துவைப்பது இலகுவானதும் அடிக்கடி துவைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். முன்பு ஆணும் பிள்ளையும் செய்த வேலைகளும் தாயின் தலையில் விழுந்தன. ஆகவே சகோதரிகளே, வீட்டுக்கு ஒரு மிக்சி வந்தால் சந்தோசப்படுங்கள். சம்பல் அரைக்கும் நேரத்தில் மிச்சமாகும் இருபது நிமிடம் யாருக்கு என்பதையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள்.

கருவி எல்லோர் கையிலும் இருந்தால்தான் பயன் என்றும் இல்லை. கொத்மலையில் 1989இல் தொடங்கிய சமூக வானொலிக்கு 1999இல் யுனெஸ்கோ உதவியுடன் இணைய வசதி கிடைத்தது. வீட்டில் கணினி இல்லாதவர்கள் தபாலில் கேள்வி எழுதிப் போட்டார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, வானொலியிலேயே பதில் சொன்னார். ஊருக்கே ஒரு கணினி போதுமாக இருந்தது, கேட்பவருக்குப் பதில் சொல்ல ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்ததால்.

பதில் என்றதும் எனக்கு வன்னிச் சகோதரிகளின் நினைவு வருகிறது. 1958, 1977, 1983 ஆண்டுக் கலவரங்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறி, அங்கும் போரில் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்கள் பல. வடக்கில் இன்று கணவனை இழந்த பெண்கள் பலர் கண்ணிவெடி அகற்றுகிறார்கள். உலோகத்தைக் கண்டால் ஒலி எழுப்பும் கருவியைக் கையில் பிடித்து, முகமாலை மண்ணை அங்குலம் அங்குலமாகச் சோதித்தவர்கள் அவர்கள். பெண்களுக்கு இயந்திரம் விளங்காது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

வவுனியாவில் ஒரு பயிற்சிப் பட்டறையில் கைத்தொலைபேசியின் பயன்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் எந்தச் சந்தியில் வருகிறது என்றுகூடப் பார்க்கலாம் என்று காட்டினேன். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "பிள்ளை, உதிலை பஸ் நிக்கிற இடம் தெரியுமெண்டால், என்ரை மகன் இருக்கிற இடம் ஏன் தெரியாது?" யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். மண்ணுக்குள் இருக்கும் எலும்பிலிருந்து ஓர் ஆளை அடையாளம் காணும் மரபணுப் பரிசோதனை உலகில் இருக்கிறது. தரையில் நிற்கும் வாகனத்தைக் காட்டும் செய்மதி இருக்கிறது. அந்த அம்மாவுக்குப் பதில் கிடைக்காதது கருவி இல்லாததால் அல்ல. பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததால்தான். எத்தனை புதிய கண்டுபிடிப்பு வந்தாலும் அந்தக் கடமையை இயந்திரத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

மலையிலும் இதே கதைதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியிருக்க வீடு இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மீண்டும் மலைகள் சரிந்து உயிர்கள் போயின.

எனவே பேசும் பை வரும்வரை காத்திராமல், ஒரு கருவியை நாமே செய்வோம். பக்கம் நேராக உள்ள பெரிய பிளாஸ்டிக் போத்தலின் மேல்பாகத்தை வெட்டி, புனல்போல் தலைகீழாக அதற்குள்ளேயே பொருத்துங்கள். அடிப்பாகம் மேடு பள்ளமாக இருந்தால், நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூச்சியம் என்று கோடிடுங்கள். அதற்கு மேலே பிள்ளையின் அடிமட்டத்தைப் பார்த்து மில்லிமீற்றர் கோடுகளை இடுங்கள். மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழித்திருங்கள். 100 என்றால் புறப்பட ஆயத்தமாகுங்கள். 150 என்றாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 என்றாலோ வெளியேறிவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவுகள் இவை. நிலத்தில் புதிய வெடிப்பு, திடீரென்று கலங்கிய ஊற்று, சாயும் மரம் ஆகியவற்றைக் கண்டால் அளவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

ஒவ்வொரு நாளும் அளவைக் கொப்பியில் எழுதுங்கள். உங்கள் மாதர் குழு திகதியோடு எழுதிய கொப்பியைக் கொண்டுபோய்க் கிராம உத்தியோகத்தரின் மேசையில் வைத்தால், "இப்படி மழை பெய்யும் என்று எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது.

உங்களுக்கு வேண்டிய கருவி எது என்று எழுதி அனுப்புங்கள். எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அதை யார் வைத்திருப்பது, அதன் கணக்கை யார் பார்ப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.