காகிதம் என்று இகழாதீர்

சென்ற இதழில் வந்த கட்டுரை மூன்று விஷயங்களை நிலைநாட்டப் பார்க்கிறது. அணு ஆயுத ஒப்பந்தங்கள் வெறும் காகிதம். குண்டு இருப்பதால்தான் நமக்கு அமைதி. கோடியக்கரையில் வலை வீசுபவருக்கும் உப்பு வாருபவருக்கும் இந்தப் பேச்சால் பயனில்லை. மூன்றும் தவறு. மூன்றாவது அந்த மக்களுக்கு அவமதிப்பும்கூட.

முதலில் காகிதம். அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் செய்தன. 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதி நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போரும் மும்பைத் தாக்குதலும் அதை நிறுத்தவில்லை. 1980களின் நடுவில் உலகில் ஏறத்தாழ 70,000 அணுகுண்டுகள் இருந்தன. இன்று சுமார் 12,000. அமெரிக்காவும் ரஷ்யாவும் செய்துகொண்ட ஒப்பந்தங்களுக்கு இதில் பெரும் பங்குண்டு. இந்த எண்களைக் கட்டுரையாளர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வாதம் அங்கேயே சரிந்திருக்கும்.

அடுத்தது, குண்டு தந்ததாகச் சொல்லும் அமைதி. 1998 மே மாதம் பொக்ரானில் நாம் வெடித்தோம். அதே மாதம் பாகிஸ்தானும் வெடித்தது. மறு ஆண்டே கார்கில். நம் வீரர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2022 மார்ச் 9 அன்று நமது பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து பாகிஸ்தானில் விழுந்தது. விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தச் சில நிமிடங்களில் எதிர்த்தரப்பு பதறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாரும் ஒருபோதும் தவறவே மாட்டார்கள் என்ற நம்பிக்கையைப் பாதுகாப்பு என்று ஊருக்கு விற்கக் கூடாது.

ஒன்றில் மட்டும் அவர் சொல்வது சரி. 1968ஆம் ஆண்டின் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், 1967க்கு முன்பே குண்டு வெடித்த ஐந்து நாடுகளுக்குத் தனிச் சலுகை தருகிறது. அநீதிதான். அநீதியை எதிர்ப்பவர் எல்லோருக்கும் ஒரே சட்டம் கேட்க வேண்டும். சலுகை பெற்றவர்களின் வரிசையில் இடம் பிடிப்பது எதிர்ப்பாகாது. யாருக்கும் விலக்குத் தராத அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2017இல் ஐ.நா.வில் உருவானது. அந்தப் பேச்சுவார்த்தைக்கே இந்தியா போகவில்லை. பாக் நீரிணைக்கு அக்கரையில் இருக்கும் இலங்கை 2023இல் அதில் சேர்ந்தது. அதே ஆண்டு அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தையும் உறுதிசெய்தது.

கோடியக்கரைக்கு இதில் என்ன வேலை என்கிறார் கட்டுரையாளர். பக்கத்து வேதாரண்யத்தில் 1930இல் சட்டத்தை மீறி உப்பு அள்ளிய ராஜாஜி, 1962 செப்டம்பரில் 83 வயதில் வாஷிங்டன் போய், அணுச் சோதனைகளை நிறுத்தும்படி கென்னடியிடம் நேரில் வாதாடினார். மறு ஆண்டு ஆகஸ்டில் வானிலும் கடலிலும் சோதனை செய்வதைத் தடைசெய்யும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது. உப்பளத்துக்கும் உலக அரசியலுக்கும் உள்ள உறவை ராஜாஜி அறிந்திருந்தார். இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு வீசிக்கொண்டால் எரியும் நகரங்களின் புகை வெயிலை மறைத்து மழையைக் குறைக்கும் என்று ஆலன் ரோபாக் முதலிய ஆய்வாளர்கள் 2007 முதல் எச்சரிக்கிறார்கள். மழை பொய்த்தால் டெல்டாவில் சம்பா ஏது? கடல் குளிர்ந்து மீன் குறைந்தால் படகு எதற்கு?

1998க்குப் பிறகு இந்தியா சோதனை நடத்தவில்லை. தானாகவே காக்கும் அந்த நோன்பைக் கையெழுத்தாக்க என்ன தயக்கம்? அரசு சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடட்டும். 2017 ஒப்பந்த நாடுகளின் கூட்டத்துக்குப் பார்வையாளராகவாவது போகட்டும். இதைக் கேட்கும் முழு உரிமை கோடியக்கரைக்கு உண்டு.