குறைந்தால் நல்லதா?

"சுகர் எவ்வளவு காட்டுது?"

எங்கள் வீட்டில் காலை வணக்கம் இந்தக் கேள்விதான். இருபது ஆண்டுகளாக அம்மா கேட்டு வருகிறார். பதிலுக்குப் பிறகு அவர் சொல்வதும் மாறியதில்லை. கூடியிருந்தால், "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட?" குறைந்திருந்தால், "அப்பாடா, முருகா!"

குறைந்தால் நல்லது, கூடினால் கெட்டது. இனிப்புநீர் உள்ள எந்த வீட்டிலும் இதுதான் கணக்கு. அந்தக் கணக்கு போன ஆண்டு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இந்த வாரம் சொல்கிறேன். "உங்களுக்கு இனிப்புநீரும் உண்டு, தைராய்டும் உண்டு என்று எழுதுகிறீர்களே, ஒரே ஆளுக்கு இத்தனையா?" என்று கேட்டிருந்த வாசகிக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

எனக்கு இனிப்புநீர் வந்தது நான்காம் படிவம் படிக்கும்போது. பதினாறு வயது. "சின்ன வயசுல இனிப்பு அதிகமாத் தின்னிருப்பா" என்று சொல்லாத உறவினர் இல்லை. உண்மை அதுவல்ல. எனக்கிருப்பது முதல் வகை. தாமான் வாசலில் காவலுக்கு நிற்பவர் திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரரையே அடித்தால் எப்படியிருக்கும்? அப்படித்தான் என் உடலின் எதிர்ப்புச் சக்தி, இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களைப் பகைவன் என்று நினைத்து அழித்துவிட்டது. இதைத் தன்னுடல் தாக்கு நோய் என்பார்கள். மருத்துவமனையில் 'ஆட்டோஇம்யூன்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் ஒன்றுதான்.

இப்படி ஒரு வீட்டைத் தாக்கிய காவலாளி சில சமயம் பக்கத்து வீட்டையும் தட்டுவார். முதல் வகை இனிப்புநீர் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தைராய்டு சுரப்பியும் இப்படித் தாக்கப்படுகிறது. என் முறை 25 வயதில் வந்தது. முடி கொட்டியது, உடல் கனத்தது, ஏர்கோன் இல்லாத அறையிலும் குளிர் எடுத்தது. ரத்தப் பரிசோதனை செய்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. அவ்வளவுதான் என்று பழகிக்கொண்டேன்.

போன ஆண்டுதான் மூன்றாவது வீட்டின் கதவு தட்டப்பட்டது. அந்தச் சத்தம் எங்கள் யாருக்குமே கேட்கவில்லை. காரணம், பாகற்காய்.

மார்ச் மாதம் அம்மா பாகற்காய் ஜூஸ் போட ஆரம்பித்தார். கிள்ளான் சந்தையில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வந்து, விதை நீக்கி, அரைத்து, வடிகட்டி, காலை ஆறு மணிக்கு என் கையில் ஒரு டம்ளர். மறுத்தால் முகம் வாடிவிடும். குடித்தேன். இரண்டு மூன்று மாதத்தில் சுகர் இறங்கத் தொடங்கியது. இரவில் போடும் 18 யூனிட் இன்சுலின் 15 ஆயிற்று, பிறகு 13, பிறகு 11. மூன்று மாதச் சராசரி 8.4இலிருந்து 6.6க்கு வந்தது. இருபது ஆண்டுகளில் நான் பார்க்காத எண் அது.

அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. தாமானில் இனிப்புநீர் உள்ள எல்லா வீட்டுக்கும் செய்தி போயிற்று. சிலர் பாட்டிலோடு வந்து வாங்கிப் போனார்கள்.

எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மகிழ்ச்சிக்குள் சில விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. தினமும் ஷா ஆலாமில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பு இல்லை. எடை ஏழு கிலோ குறைந்தது. வாய் எப்போதும் உப்பையே கேட்டது. மேசை இழுப்பறையில் அசாம் போய் பொட்டலங்கள், வீட்டில் மாங்காய் ஊறுகாய், ரசத்தில் மேலும் ஒரு சிட்டிகை உப்பு. ஒரு நாள் கூட்டரசு நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது கை நடுங்கி, கண் மங்கி, எப்படியோ ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் வண்டியைத் திருப்பிவிட்டேன். சோதித்தால் 3.1. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து நான் உளறியதைக் கேட்டுக் கணவர் எழுந்தார். சிராப் கரைத்து வாயில் ஊற்றினார். அன்று 2.8.

தங்கச்சி முறையுள்ள ஒருத்தியின் திருமணத்தில் பெரியம்மா என்னைப் பார்த்தார். "நல்லா மெலிஞ்சிட்ட, ஆனா ஏன் இப்படிக் கறுத்துப் போன? வெயில்ல சுத்துறியா?" பக்கத்திலிருந்த அத்தை முகத்துக்குப் போடும் கிரீம் ஒன்றின் பெயரைச் சொன்னார். நான் குளிர்சாதன அறையில் கணக்குப் பார்ப்பவள். எந்த வெயில்? ஆனாலும் கேட்டுச் சிரித்துவிட்டு வந்தேன். கறுப்பு என்றால் நமக்கு அழகுக் குறை என்றுதானே தோன்றுகிறது? அது நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சோர்வு தாங்காமல் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். தைராய்டு கொஞ்சம் தாறுமாறாக இருக்கிறது என்று மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். கூட்டிய பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்துமலைக்குப் போனோம். 272 படிகளில் பாதிகூட ஏறவில்லை. உட்கார்ந்து எழுந்தபோது கண் இருண்டு, கணவரின் தோளில் சரிந்தேன். அருகில் வந்த அம்மா ஒருவர் எனக்கு அருள் வந்துவிட்டதென்று நினைத்துத் திருநீறு பூசிவிட்டார்.

அக்டோபர் மாதம் வழக்கமான இனிப்புநீர் பரிசோதனைக்கு அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஒரு மலாய்க்காரத் தாதி என் புத்தகத்தைப் புரட்டினார். எல்லோரும் பாராட்டும் அந்த 6.6ஐப் பார்த்து அவர் பாராட்டவில்லை.

"புவான், இன்சுலினை ஏன் இவ்வளவு குறைத்தீர்கள்?"

"போட்டால் ரொம்ப இறங்கிவிடுகிறது."

"சாப்பாடு குறைந்ததா? உடற்பயிற்சி கூடியதா?"

"இல்லை. பாகற்காய் ஜூஸ் குடிக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. "கையைக் காட்டுங்கள்" என்றார். என் உள்ளங்கைக் கோடுகள் மை தீட்டியது போல் கறுத்திருந்தன. விரல் முட்டிகளும் அப்படியே. படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், நிற்க வைத்து மறுபடி பார்த்தார். நின்றதும் விழுந்துவிட்டது. எழுந்து போய் டாக்டரை அழைத்து வந்தார்.

அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ரத்தத்தில் உப்புச் சத்தான சோடியம் குறைந்திருந்தது, பொட்டாசியம் கூடியிருந்தது. காலை நேர கார்ட்டிசோல் அளவு தரைமட்டம். ஊசி ஒன்று போட்டு, அரை மணி நேரம் கழித்தும் ஒரு மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அந்த ஊசிக்கும் அசையவில்லை. அடிசன் நோய் என்றார்கள். தாமஸ் அடிசன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1855இல் விவரித்த நோய். அமெரிக்க அதிபர் கென்னடிக்கும் இது இருந்தது. தைராய்டுக்கும் அவர் மருந்து எடுத்துக்கொண்டவர்தான்.

அன்று டாக்டர் விளக்கியதும் எல்லாம் புரிந்தது. கார்ட்டிசோல் சர்க்கரையை விழவிடாமல் தாங்கிப் பிடிக்கும் ஹார்மோன். அது இல்லாவிட்டால் கொஞ்சம் இன்சுலினே பெரிய வேலை செய்துவிடும். அட்ரினலின் இன்னொரு ஹார்மோன் உப்பை உடலில் தேக்கி வைப்பது. அது நின்றதால் உப்பு வெளியேறியது, நாக்கு ஊறுகாய் கேட்டது. அட்ரினலைத் தட்டி எழுப்ப மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன் மிதமிஞ்சிப் பெருகும்போது தோல் கறுக்கும். அட்ரினல் படுத்திருக்கும்போது தைராய்டு மாத்திரையைக் கூட்டினால், மிச்சமிருக்கும் கார்ட்டிசோலும் வேகமாகச் செலவாகும். அதனால்தான் கூட்டிய பிறகு நான் சாய்ந்தேன். "இன்னும் சில வாரம் விட்டிருந்தால், ஒரு சாதாரணக் காய்ச்சலே போதுமாக இருந்திருக்கும்" என்றார். எதற்குப் போதும் என்று நான் கேட்கவில்லை.

இப்போது என் நாள் இப்படிப் போகிறது. காலை ஆறு மணிக்கு வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை. அரை மணி நேரம் கழித்துத்தான் கோப்பி, பசியாறல். இழந்த கார்ட்டிசோலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்ட்டிசோன் காலையில் 10 மில்லிகிராம், மதியம் 5, மாலை 5. உப்பைத் தேக்கி வைக்க இன்னொரு மாத்திரை. இவற்றோடு இன்சுலின். கார்ட்டிசோல் திரும்பியதும் சுகர் ஏறியது. 11 யூனிட் மறுபடி 17 ஆயிற்று. எண் கூடியதற்காக நான் மகிழ்ந்தது அதுவே முதல் முறை.

மூன்று நோயும் தனித்தனி அறையில் இருப்பதில்லை. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோனை இரண்டு மடங்காக்க வேண்டும். ஆக்கினால் சுகர் ஏறும், இன்சுலினைக் கூட்ட வேண்டும். வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால், தாமதிக்காமல் 100 மில்லிகிராம் ஊசி போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எந்த நாளிலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. என் கைப்பையில் இதையெல்லாம் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் இருக்கும். அலுவலகத் தோழிகள் இருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

இதையெல்லாம் விடக் கடினமாக இருந்தது, அம்மாவிடம் சொன்னதுதான்.

கேட்டதும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்போ நான்தான் உனக்குக் கெடுதல் பண்ணிட்டேனா?"

"இல்லம்மா. பாகற்காயால நோய் வரல. நோய் வந்தது தெரியாமப் போச்சு, அவ்வளவுதான்."

"நான் எல்லார்கிட்டயும் சொன்னேனே..."

மறுநாளே ஜூஸ் வாங்கிப் போன வீடுகளுக்கு ஒவ்வொன்றாக நடந்து போனார். "டாக்டரைக் கேட்காம இன்சுலினைக் குறைச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். 64 வயதில் அந்த நடை அவருக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசியதில்லை.

இந்த ஆண்டு சீனப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெட்டி ஆரஞ்சு வந்தது. அம்மா நான்கைத் தனியே எடுத்து வைத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றி, ஆரஞ்சில் குத்திப் பழகினார். "நீ மயங்கிக் கிடந்தா மாப்பிள்ளை வேலையில இருப்பாரு. நான்தானே போடணும்?" முதல் பழத்தில் கை நடுங்கியது. நான்காவதில் நடுங்கவில்லை.

வாசகர்களே, அடிசன் அரிதான நோய். உங்கள் வீட்டில் அது வராமலே போகலாம். ஆனால் 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி நம் நாட்டில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டாம் வகை. அங்கும் இந்தக் கேள்வி முக்கியம். பல ஆண்டுகளாக இன்சுலினோ மாத்திரையோ எடுக்கும் அப்பாவுக்கு, சாப்பாடு மாறாமலே சுகர் அடிக்கடி இறங்கினால் நோய் குணமாகிறது என்று நினைத்துவிடாதீர்கள். சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடலில் அதிக நேரம் தங்கி இப்படிச் செய்யும். ரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் வகை உள்ள பிள்ளைகளுக்குத் தைராய்டு பரிசோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று கேளுங்கள். எடை காரணமின்றிக் குறைந்தால், வயிறு அடிக்கடி கெட்டால், தோல் கறுத்தால், வெண்திட்டு விழுந்தால் அதையும் சொல்லுங்கள். "எல்லாம் சுகராலதான்" என்று நாமே முடிவு கட்டிவிட்டால் டாக்டருக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

எங்கள் வீட்டில் பாகற்காய் இன்னும் உண்டு. ஜூஸாக அல்ல, வெங்காயம் போட்டுப் பொரியலாக. காலைக் கேள்வியும் உண்டு. போன செவ்வாய்க்கிழமை அம்மா கேட்டார்.

"சுகர் எவ்வளவு காட்டுது?"

"4.2, அம்மா. குறைவுதான்."

முருகனைக் கூப்பிடவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் குறைஞ்சிருக்கு?"

அடுத்த வாரம் சந்திப்போம்.