நாயை நம்பலாம், நாயிடம் சோற்றை நம்பலாமா?

நன்றிக்கு நாயைச் சொல்லுகிறோம். இரவெல்லாம் வீட்டைக் காக்கிறது. எஜமான் ஊரிலிருந்து திரும்பினால் தெருமுனைக்கே ஓடிப்போய் வாலை ஆட்டுகிறது. அடித்தாலும் காலடியில் வந்து படுத்துக்கொள்கிறது. இதெல்லாம் உண்மைதான்.

ஆனால், வறுத்த மீனைத் தட்டில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்த் திரும்பி வாருங்கள். தட்டு இருக்கும். மீன் இருக்காது. நாய் ஒரு மூலையில் படுத்து, நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டிருக்கும்!

உடனே வீட்டில் சண்டை. "வேளைக்கு வேளை சோறு போடுகிறோமே, திருட்டு நாயே!" என்று அம்மா துடைப்பத்தை எடுக்கிறார். "பாவம் அம்மா, அடிக்காதே!" என்று பிள்ளைகள் குறுக்கே விழுகிறார்கள். தீர்ப்புச் சொல்லும் வேலை அப்பாவுக்கு வருகிறது.

அந்தத் தீர்ப்பை நாமே சொல்லிவிடுகிறோம். குற்றம் தட்டை வைத்துவிட்டுப் போனவருடையது. எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும், ஆளில்லாத இடத்தில் தின்பண்டத்தை அதன் பொறுப்பில் விடக்கூடாது. நாயின்மேல் உள்ள வெறுப்பினால் இதைச் சொல்லவில்லை. இதில் நாயின் உயிர் இருக்கிறது. சில வீடுகளில் குழந்தையின் முகமும் இருக்கிறது.

கண் இருக்கும்வரை

"எங்கள் நாய் அப்படி இல்லை. எதிரில் கறியை வைத்தாலும் தொடாது" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. எதிரில் இருக்கும்போது தொடாதுதான். எதிரில் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதை அவர்கள் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

விஞ்ஞானிகள் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் லீப்சிக் நகரத்தில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தார் 2003-ல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு தின்பண்டத்தைத் தரையில் வைத்து, "தொடாதே!" என்று நாய்க்குச் சொல்லுவார்கள். பிறகு சொன்னவர் சில வேளை நாயையே பார்த்துக்கொண்டிருப்பார். சில வேளை கண்ணை மூடிக்கொள்வார். சில வேளை முதுகைத் திருப்பிக்கொள்வார். சில வேளை கையில் உள்ள கணினி விளையாட்டில் மூழ்கிவிடுவார். சில வேளை அறையைவிட்டே போய்விடுவார்.

கண் தன்மேல் இருந்தபோது நாய்கள் தயங்கின. சுற்றி வளைத்து வந்தன. நடுவில் உட்கார்ந்தன. கண் அகன்றதும் எடுத்துத் தின்றன!

இன்னொரு பரிசோதனை 2013-ல் வெளிவந்தது. யூலியானே காமின்ஸ்கி என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் 84 நாய்களை வைத்து நடத்தியது. இந்தத் தடவை விளக்கை அணைத்துப் பார்த்தார்கள். இருட்டில் நாய்கள் தடையை மீறியது, வெளிச்சத்தில் மீறியதைப்போல் நான்கு மடங்கு. இதில் ஒரு வேடிக்கை. மனிதரின் முகத்தில் வெளிச்சம் விழுந்ததா என்பதை நாய்கள் பெரிதாக எண்ணவில்லை. பண்டத்தின்மேல் வெளிச்சம் இருக்கிறதா என்றுதான் பார்த்தன. நம் ஊர்க் களவாணிகள் கூட இவ்வளவு யோசிப்பார்களா என்பது சந்தேகம்!

ஆகவே, "தொடாதே" என்ற சொல்லுக்கு நாய் வேறு பொருள் கொள்கிறது. "நான் பார்க்கும்போது தொடாதே" என்று எடுத்துக்கொள்கிறது.

திருட்டு முழியா?

"தப்புச் செய்துவிட்டோம் என்று அதற்கே தெரியும். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது" என்று பலரும் சொல்லுவார்கள். காதை மடக்கிக்கொண்டு, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு, ஓரக்கண்ணால் பார்க்குமே, அந்த முழியைச் சொல்லுகிறார்கள்.

நியூயார்க்கில் உள்ள பெண் பேராசிரியர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்து 2009-ல் எழுதினார். 14 நாய்கள். பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு எஜமான் வெளியே போவார். திரும்பி வந்ததும், நாய் தின்றுவிட்டது என்று கேள்விப்பட்டால் திட்டுவார். ஆனால் அவருக்குச் சொன்னது எப்போதும் உண்மை இல்லை. தின்னாத நாயும் திட்டு வாங்கியது. தின்ற நாயும் தப்பித்துக்கொண்டது.

முடிவு என்ன தெரியுமா? திட்டு வாங்கிய நாய்கள்தான் அந்த முழி முழித்தன. தின்றதா, தின்னவில்லையா என்பதற்கும் முழிக்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால், ஒரு பாவமும் அறியாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது அதிகமாகக் காணப்பட்டது! நம் கோபத்தைக் கண்டு வந்த பயம் அது. அந்த முழியைச் சாட்சியாக வைத்துத் துடைப்பத்தை எடுப்பது அநியாயம்.

அடிப்பதால் பலனும் இல்லை. மீன் வாய்க்குள் போன நேரம் ஒன்று. அடி விழுந்த நேரம் வேறு. இரண்டையும் நாய் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. "அம்மா சில நேரம் காரணமில்லாமல் அடிப்பாள்" என்பதுதான் அது கற்றுக்கொள்ளும் பாடம். மேசைமேல் தாவியபோது மீன் கிடைத்தது என்ற பாடமோ அழியாமல் நின்றுவிடுகிறது. மறுநாளும் மேசையைப் பார்க்கிறது.

பசி இல்லாத நாயும் தின்னுகிறதே, ஏன் என்று கேட்கலாம். நாய் ஓநாய் வம்சம். அடுத்த வேளை எப்போது வரும் என்று தெரியாமல் வாழ்ந்த பரம்பரை. கிடைத்தபோது விழுங்குவது அதன் இரத்தத்தில் ஊறியது. லாப்ரடார் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு சேதி: 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 310 லாப்ரடார்களைச் சோதித்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசியை அடக்கும் மரபணு ஒன்றில் சிறு துண்டு குறைவாக இருந்தது. ஊனமுற்றோருக்கு உதவப் பழக்கப்பட்ட லாப்ரடார்களில், சோதித்தவற்றில் நான்கில் மூன்று பங்குக்கு இந்தக் குறை இருந்தது. தின்பண்டத்துக்காக எதையும் கற்றுக்கொள்ளும் நாய்தான் நன்றாகப் பழகுகிறது போலும். கெட்டிக்கார நாயே பெரிய தீனிக்காரனாகவும் இருக்கிறது!

மீன் போனால் போகட்டும்

மீன் போனால் வேறு வாங்கலாம். நாய் எதைத் தின்றது என்பதுதான் கவலை. நமக்கு நல்லதாக இருப்பது நாய்க்கு விஷமாக இருக்கலாம்.

சாக்லேட்டில் உள்ள ஒரு சத்தை நாயின் உடல் மிக மெதுவாகத்தான் கழிக்கும். கருப்புச் சாக்லேட் மிகவும் கெடுதல். வாந்தி, படபடப்பு, வலிப்பு வரலாம். வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பு அணுக்களைக் கெடுக்கும். வேகவைத்தாலும் அந்தக் கெடுதல் போகாது. ஆகவே பிரியாணி மிச்சமும் கறிக் குழம்பும் ஆபத்துத்தான். சர்க்கரை இல்லாத சூயிங்கம் சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்பு இருக்கிறது. அது நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். ஈரலையும் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு ஊசிபோல் உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

திராட்சைப் பழமும், பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தை அடியோடு கெடுத்துவிடுகின்றன. அதில் உள்ள டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று மிருக வைத்தியர்கள் இப்போது கருதுகிறார்கள். அந்த அமிலம் வேறு எதில் இருக்கிறது? நம் வீட்டுப் புளியில்! புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் கெட்டதாக 2022-ல் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வந்திருக்கிறது. அடுப்பங்கரையில் புளிப் பானையைத் திறந்து வைக்கும் வழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு!

குழந்தையின் கை

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. குழந்தையின் கையில் இருந்த பிஸ்கட்டை நாய் கவ்வுகிறது. குழந்தை அதைத் திரும்பப் பிடுங்கப் போகிறது. வாயில் உள்ளதைக் காக்க நாய் உறுமும், கடிக்கவும் கூடும். அன்றாடம் அந்தக் குழந்தையோடு விளையாடும் நாய்தான்! குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

சின்னஞ்சிறு பிள்ளை சாப்பிடும்போது நாயை வெளியே கட்டுங்கள். நாய் சாப்பிடும்போது பிள்ளையை அருகில் விடாதீர்கள். நாய் எதையாவது கவ்விக்கொண்டால், பெரியவர்களும் வாயிலிருந்து பிடுங்க வேண்டாம். அதைவிட நல்ல துண்டு ஒன்றைக் காட்டினால் பழையதைக் கீழே போட்டுவிடும்.

கடித்துவிட்டால், வீட்டு நாய்தானே என்று இருக்கக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

நம் பாட்டிமார் உறி கட்டி, அதில் பாலையும் தயிரையும் தொங்கவிட்டார்கள். பூனைக்கோ நாய்க்கோ அவர்கள் நீதி போதிக்கவில்லை. எட்டாத உயரத்தில் பண்டத்தை வைத்தார்கள். இன்று உறிக்குப் பதில் அலமாரி இருக்கிறது, குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. குப்பைக் கூடைக்கு அழுத்தமான மூடி வேண்டும். விருந்து நாட்களில் சமையற்கட்டுக் கதவைத் தாழிடுங்கள். பந்தி எச்சில் இலைகளை உடனே அப்புறப்படுத்துங்கள். "விடு" என்றால் விட நாயைப் பழக்குவது நல்லதுதான். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அது உதவும். பழக்கிவிட்டோம் என்று தட்டை வைத்துவிட்டுத் தொலைபேசி பேசப் போகாதீர்கள்.

அப்படியும் தின்றுவிட்டதா? உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே நாயைக் கொல்லக்கூடும். எதைத் தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். சாக்லேட் காகிதமோ மருந்து அட்டையோ கிடந்தால் அதையும் கையோடு எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் உடனே போங்கள். நாய் துள்ளி விளையாடுகிறதே என்று காத்திருக்க வேண்டாம். திராட்சை தின்ற நாய்க்குச் சிறுநீரகம் கெட்டது வெளியே தெரிய ஓரிரு நாள் ஆகும்.