தர்பூசணியைச் சாய்த்த காணொளி: இந்தப் பருவத்துக்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது?

மாசி பிறந்தால் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையின் ஓரங்களில் தர்பூசணிக் குவியல்கள் எழும்பிவிடும். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று வரிசையாகக் கடைகள். உள்ளே வேளச்சேரி சாலையில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் வரைக்கும் டாடா ஏஸ் வண்டிகள் நிற்கும். இந்தப் பழங்கள் வெகு தூரத்திலிருந்து வருவதில்லை. மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், அச்சிறுப்பாக்கம், திண்டிவனம், மரக்காணம் பக்கத்து நிலங்களில் மார்கழி, தை மாதங்களில் விதைத்தவைதான். தென்சென்னைப் புறநகர்தான் இந்த விவசாயிகளுக்கு முதல் சந்தை. அங்கே ஒரு வாரம் வாங்குபவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இங்கே கொடியில் பழம் வெடிக்கும்.

2025 மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் அதுதான் நடந்தது. சென்னையில் பழக்கடைகளில் சோதனை நடந்த நேரத்தில், சாயம் ஏற்றிய தர்பூசணியை டிஷ்யூ காகிதத்தால் தேய்த்துக் கண்டுபிடிப்பது எப்படி என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் விளக்கினார். அந்தக் காணொளி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. அதிகாரி சொன்னது ‘இப்படி இருந்தால்’ என்பது. கைபேசியில் பரவியதோ ‘எல்லாப் பழத்திலும் ஊசி போடுகிறார்கள்’ என்பது. விற்பனை படுத்தது. தோட்டத்துக்கு வந்து டன் கணக்கில் விலை பேசிய வியாபாரிகள் போனை எடுக்கவில்லை. அறுப்புக் கூலிகூடத் தேறாது என்று பழத்தைக் கொடியிலேயே விட்டவர்களும், மாட்டுக்குப் போட்டவர்களும் உண்டு. விவசாயிகள் போராடிய பிறகு, விவசாயிகளைக் குறை சொல்லவில்லை, தர்பூசணியைப் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று விளக்கம் வந்தது. அந்த அதிகாரியும் மாற்றப்பட்டார். அதற்குள் பருவத்தின் நல்ல பகுதி போய்விட்டது.

அதிகாரியின் மாற்றத்தோடு அந்தக் கதை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கைபேசிகள் அப்படியே இருக்கின்றன, அந்தக் காணொளியும் எங்கோ சேமிப்பில் இருக்கிறது. வெயில் ஏறியதும் யாராவது ஒருவர் தேதியைப் பார்க்காமல் மறுபடியும் தட்டிவிடுவார். அது வருவதற்கு முன் என்ன செய்யலாம் என்பதுதான் இப்போது யோசிக்க வேண்டியது.

முதலில் சிவப்பைப் பற்றிப் பேசுவோம். வாங்குபவர் கேட்டால் நீங்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும். தர்பூசணியின் சிவப்பு லைகோபீன் என்ற இயற்கை நிறமி. தக்காளியிலும் இதுவேதான். இது தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். கலப்படத்துக்குப் பயன்படுவதாகச் சொல்லப்படும் எரித்ரோசின் சாயமோ தண்ணீரில் கரையும். டிஷ்யூ சோதனையின் அடிப்படை இந்த வேறுபாடுதான். ஆனால் நன்கு பழுத்த பழத்தைத் தேய்த்தால் சதைத் துணுக்குகள் காகிதத்தில் ஒட்டி இலேசாகச் சிவக்கத்தான் செய்யும். அது சாயம் அல்ல. காகிதம் முழுக்கச் சாயம் ஊறிப் பரவுகிறதா, சதை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போதும் அது ஒரு சந்தேகம் மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியது ஆய்வகம்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 10 டன் லோடில், பழம் ஒன்றுக்கு 4 கிலோ என்றால் 2,500 பழங்கள். ஒரு பழத்துக்கு ஊசி போட ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 41 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தக் கூலியை யார் கொடுப்பார்? பறித்த பழத்தின் சதைக்குள் ஊசியால் விட்ட திரவம் சீராகப் பரவாது, குத்திய இடத்தைச் சுற்றித் திட்டாகத்தான் நிற்கும். குத்தின துளை வழியே நுண்கிருமி புகுந்து, நம் வெயிலில் பழம் சீக்கிரமே அழுகும். சில ரூபாய் லாபத்துக்காக முழுப் பழத்தையும் அழுக விடுகிற வியாபாரி கடையை நடத்த முடியாது. எங்கேயும் யாரும் செய்யவே மாட்டார்கள் என்று சத்தியம் செய்ய வேண்டியதில்லை. ஊரெல்லாம் நடக்கிறது என்பதுதான் கணக்குக்கு ஒத்துவராதது.

‘பாருங்கள், ஊசி ஓட்டை’ என்று காணொளிகளில் காட்டும் புள்ளிகளில் பலவும் பழ ஈ முட்டையிடக் குத்திய இடமாக இருக்கலாம். பிஞ்சில் குத்திய தடம் பழத்தில் வடுவாக நிற்கும். கவர்ச்சிப் பொறிகளைப் பூக்கும் பருவத்திலேயே வைப்பது பூச்சிக்கு மட்டுமல்ல, இப்போது வதந்திக்கும் மருந்து. நடுவில் பிளந்திருப்பதும் ரசாயனத்தின் அடையாளமாகக் காட்டப்படுகிறது. மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காமல் பழம் வேகமாகப் பெருத்தால் இப்படிப் பிளவு வரும். இன்னொன்று, தர்பூசணி பறித்த பிறகு பழுக்காது. ஆகவே வாழையையும் மாம்பழத்தையும்போல இதைக் ‘கல் வைத்துப் பழுக்க வைத்தது’ என்று சொல்வதற்கும் பொருள் இல்லை. அந்தப் பழங்களில் கால்சியம் கார்பைடு உண்மையான பிரச்சினை, சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதைப் பிடிக்கும் அதிகாரிகளுக்கு நாம் துணை நிற்க வேண்டும். வெட்டி வைத்து ஈ மொய்க்கும் துண்டுகள் மேலும் கண்டிப்பு வேண்டும். அவர்கள் வேலையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

சொல்ல வருவது வரிசை முறையைப் பற்றி. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி, சந்தேகம் வந்தால் மாதிரி எடுக்க வேண்டும், உணவுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்ப வேண்டும், அவர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதன் மேல் முறையீடும் உண்டு. இதே சட்டத்தின் 18ஆம் பிரிவில், விவசாயிக்கும் அவர் பண்ணை அளவில் விளைவித்த பொருளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. கடைக்கு வந்த பழம் வேறு, வயலில் இருக்கும் பழம் வேறு. விரிவாக்க அலுவலர்கள் இந்தப் பிரிவை மனதில் வைத்திருங்கள். யாராவது வயலுக்குக் கேமராவோடு வந்தால் பயன்படும்.

14 நாள் என்பது ஆய்வகத்துக்குக் குறைவு, தர்பூசணிக்கு அதிகம். ஒரு காணொளி தாம்பரத்திலிருந்து மரக்காணம் போக 14 நிமிடம் போதும். அறிக்கை வருமுன் விலை விழுந்து முடிந்திருக்கும். அதனால்தான், அறிக்கை வரும்வரை பொருளின் பெயரையும் பயிரின் பெயரையும் பொதுவில் சொல்லாதிருப்பது நல்ல நடைமுறை.

ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய பாடம் நடந்திருக்கிறது. 2011 மே மாதம் ஜெர்மனியில் ஈ.கோலை நச்சுக்கிருமி பரவி 50 பேருக்கு மேல் இறந்தார்கள். ஸ்பெயின் வெள்ளரிக்காய்தான் காரணம் என்று ஹாம்பர்க் நகர அதிகாரிகள் அறிவித்தார்கள். சில நாட்களில் அது தவறு என்று தெரிந்தது. உண்மையான காரணம் முளைகட்டிய பயறு வகை. அதற்குள் ஸ்பெயினில் வெள்ளரியை வண்டி வண்டியாகக் கொட்டி அழித்தார்கள். அங்கே நடந்த அடுத்த காரியத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 21 கோடி யூரோ ஒதுக்கி, வெள்ளரி, தக்காளி, கீரை வகை, மிளகாய் உட்படக் காய்கறி விவசாயிகளுக்கு இழப்பீடு கொடுத்தது. பயிர் கெடவில்லை, நம்பிக்கை கெட்டது. அதற்கும் இழப்பீடு உண்டு என்று ஒரு அரசு ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில் எந்தக் கதவு?

பயிர்க் காப்பீட்டை நம்ப வேண்டாம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் விளைச்சல் இழப்புக்கானது. விலை விழுந்தால் அதில் ஒன்றும் கிடையாது. விலைக்கென்று இருப்பது சந்தைத் தலையீட்டுத் திட்டம். குறைந்தபட்ச ஆதரவு விலை இல்லாத, சீக்கிரம் அழுகும் விளைபொருள்களுக்கான திட்டம் இது. மாநில அரசு கேட்க வேண்டும், செலவை மத்தியும் மாநிலமும் பாதிப் பாதியாக ஏற்கும். முந்தைய சாதாரண ஆண்டின் விலையைவிடக் குறைந்தது 10 சதவீதம் விழுந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2025 பிப்ரவரியில் வந்த திருத்தத்தில் இரண்டு மாற்றங்கள். கொள்முதல் வரம்பு உற்பத்தியில் 20 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்ந்தது. பழத்தை வாங்கிக் கொட்டி வைக்காமல், விலை வித்தியாசத்தை நேரடியாக விவசாயியின் வங்கிக் கணக்கில் போடவும் வழி செய்யப்பட்டது. அதே ஆண்டு கர்நாடகத்தின் தோத்தாபுரி மாம்பழத்துக்குக் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று விலை நிர்ணயித்து இந்த வித்தியாசத் தொகை முறை ஏற்கப்பட்டது. தர்பூசணிக்கும் இதே கதவைத் தட்டலாம்.

தட்டுவதற்குக் கையில் கல் வேண்டும். அதுதான் நம்மிடம் இல்லை. 10 சதவீதம் விழுந்தது என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? தர்பூசணி பெரும்பாலும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் பார்ப்பதில்லை. வியாபாரி வயலுக்கு வருகிறார், கொடியைப் பார்க்கிறார், டன் இவ்வளவு என்கிறார், முன்பணம் கையில் கொடுக்கிறார். எல்லாம் வாய்ப் பேச்சு. சென்ற ஆண்டு என்ன விலைக்குப் போனது என்பதற்கு உங்கள் நினைவும் அவர் நினைவும் மட்டுமே சாட்சி. அரசுக் கோப்பில் நினைவுக்கு இடமில்லை. குத்தகைக்கு எடுத்தவர் என்றால் இன்னும் மோசம். அடங்கலில் பயிர் பதிவாகியிருக்காது, அல்லது நிலச் சொந்தக்காரர் பெயரில் வேறு பயிர் இருக்கும். நிவாரணம் அறிவித்தாலும் அது நிலம் வைத்திருப்பவருக்குத்தான் போகும்.

ஆகவே இந்தப் பருவத்தில் கைபேசியை நம் பக்கம் திருப்புங்கள். வியாபாரியிடம் முன்பணத்தை யு.பி.ஐ. மூலம் கேளுங்கள், தேதியும் தொகையும் வங்கிக் கணக்கில் நிற்கும். பேசிய விலையை வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள், ‘டன் இவ்வளவு, நாளை அறுப்பு’ என்றால் போதும். எடை மேடைச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் தர்பூசணி என்றே பதிவு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், பறித்த பிறகு பார்த்துப் பயனில்லை. விதைப் பாக்கெட்டின் உறையையும் பில்லையும் வைத்திருங்கள். இந்தத் துண்டுச் சீட்டுகளை ஒரு ஊரில் 30 பேர் சேர்த்தால் அது விலைப் பட்டியல். அதை வைத்துத்தான் தோட்டக்கலை உதவி இயக்குநர் மேலே எழுத முடியும்.

உழவர் உற்பத்தியாளர் குழுவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை. முதல் அறுப்பில் ஒரு மாதிரியை அங்கீகாரம் பெற்ற உணவு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். செயற்கைச் சாயம் இல்லை என்ற அறிக்கை, தேதியோடு, கையில் இருக்கட்டும். தனி ஆளுக்குக் கட்டணம் கனமாக இருக்கும், குழு பங்கிட்டால் தாங்கும். காணொளி பரவிய பிறகு ஓடினால் பதில் வருவதற்குள் பருவம் முடிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் ஒரு சிறு அடையாளத்தையும் கவனியுங்கள். பலமுறை கைமாறி வந்த செய்தியில் இரட்டை அம்புக்குறி இருக்கும். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலிலேயே அந்த நிறுவனம் கட்டுப்பாடு வைத்தது. ஆனாலும் பரவுகிறது என்றால் நாமும் சேர்ந்துதான் தள்ளுகிறோம். கோபத்தில் ‘பாருங்கள் என்ன அநியாயம்’ என்று எழுதி அதே காணொளியை அனுப்பினாலும் அது விளம்பரம்தான். காணொளியை அனுப்பாமல், தேதியையும் உண்மையையும் மட்டும் எழுதி அனுப்புங்கள். தமிழக அரசின் தகவல் சரிபார்ப்பகத்துக்கும் தெரிவியுங்கள்.

தாம்பரம் பக்கம் வண்டி போட்டு நேரடியாக விற்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, கோயம்பேடு மொத்த வியாபாரிக்கு இல்லாதது. வாங்குபவர் எதிரிலேயே பழத்தை வெட்டலாம், ஊரைச் சொல்லலாம். ‘அச்சிறுப்பாக்கம் பழம், நானே விளைவித்தது’ என்று பலகை வையுங்கள். கத்தியும் துணியும் சுத்தமாக இருக்கட்டும், துண்டு போட்டதை மூடி வையுங்கள். பயந்து தர்பூசணியை விட்டவர் தாகத்தை விடுவதில்லை. பாட்டில் குளிர்பானத்துக்குப் போகிறார். 2025 செப்டம்பர் முதல் அந்தப் பாட்டிலில் ஜி.எஸ்.டி. மட்டும் 40 சதவீதம், உங்கள் பழத்துக்கு வரியே கிடையாது. இதையும் சிரித்துக்கொண்டே சொல்லலாம், விலை பேசும்போது எடுபடும்.

கிராம சபைக் கூட்டங்களில் வைக்க ஒரு கோரிக்கையும் இருக்கிறது. சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் பட்டியலுக்குத் தர்பூசணியை அனுப்புவதற்கான முன்மொழிவை, விலை விழுந்த பிறகு அல்ல, பருவத்துக்கு முன்பே தோட்டக்கலைத் துறை தயாராக வைத்திருக்க வேண்டும். செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்டங்களில் பருவம் முழுக்க வாரம் ஒருமுறை வயல் விலையைப் பதிவு செய்ய வேண்டும். உழவன் செயலியில் காய்கறி விலை வருகிறது, தர்பூசணியின் வயல் விலையையும் ஒரு வரி சேர்த்தால் போதும். அதிகாரிகள் வரும்வரை காத்திருக்காமல் உங்கள் ஊர் விலையை, வாரா வாரம் திங்கட்கிழமை, ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். இந்த வாரம் பிஞ்சு பிடித்திருக்கும் கொடிகளுக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது.