பில்லுக்கு முன்னால் ஜாப் கார்டு

2025 செப்டம்பர் 22 அன்று வாகன உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியது. டிராக்டருக்கென்று பட்டியலிட்ட பல பாகங்களும் டிராக்டர் டயர், டியூப்பும் 18லிருந்து 5க்கு வந்தன. அலமாரியில் என்ன இருக்கிறது, எதை எந்த விலைக்கு வாங்கினோம் என்ற கணக்கு வைத்திருந்த பட்டறைக்கு அது ஒரு ராத்திரி வேலை. பதிவு செய்த கடைக்கு 28 சதவீதம் கட்டி வாங்கிய சரக்கின் உள்ளீட்டு வரி வரவாகக் கணக்கில் நின்றது. அடுத்தடுத்த மாதங்களில் கழித்துக்கொள்ள முடிந்தது. பதிவு செய்யாத கடைக்கு அந்த வழி இல்லை. பழைய வரியோடு வாங்கிய சரக்கைப் புது விலைக்கு விற்று, வித்தியாசத்தைக் கையிலிருந்து போட்டார்கள். எவ்வளவு போனது என்று சொல்ல அவர்களில் பலரிடம் கணக்கு இல்லை என்பதுதான் நம்மை இதை எழுத வைக்கிறது.

அதற்குப் பிறகு பட்டறைக்காரர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்பது, “நல்ல சாஃப்ட்வேர் ஒன்று சொல்லுங்கள், பில் போட வேண்டும்” என்பது. பட்டறைக்கு மென்பொருள் வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. பில்லுக்காக வாங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். பில் என்பது வேலை முடிந்து வண்டி கிளம்பும்போது அச்சாகிற தாள். பட்டறையின் லாபமும் நஷ்டமும் பெயரும் அதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. முடிவாகிற இடம், வண்டி வந்ததும் திறந்து குறையையும் வேலையையும் பதிகிற ஜாப் கார்டு.

புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரில் ஒருவர் புதிதாகப் பட்டறை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1747இல் கட்டிய பெரியநாயகி மாதா கோயிலால் வெளியூருக்கும் பெயர் தெரிந்த ஊர். ஒரு பக்கம் மாத்தூர் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலை. கடைக்கு வருபவை ஷிப்டுக்குப் போகிறவர்களின் பைக், வயலிலிருந்து நேரே வருகிற டிராக்டர், டாடா ஏஸ், ஆட்டோ. TN 55 எண்ணோடு திருச்சியின் 45, 48, 81 எண்களும் கலந்து நிற்கும். சம்பளக்காரர் மாதத்தின் முதல் வாரத்தில் பணம் தருவார். விவசாயி, “அறுப்பு முடியட்டும்ணே, சேத்துத் தர்றேன்” என்பார். இருவரும் நாளைக்கும் அடுத்த வருஷமும் இதே கடைக்குத்தான் வருவார்கள். நகரத்து சர்வீஸ் சென்டரைவிட வண்டியின் வரலாறு அதிகம் பயன்படுகிற இடம் இப்படிப்பட்ட ஊர்ப் பட்டறைதான். அந்த வரலாறு இன்று மூத்த மெக்கானிக்கின் தலைக்குள் இருக்கிறது. அவர் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ கிளம்பினால் அதுவும் கூடவே போய்விடும்.

ஆகவே முதல் பழக்கம், ஸ்பேனரைத் தொடும் முன் கார்டைத் திறப்பது. பதிவெண், ஓடிய கிலோமீட்டர், பெட்ரோல் முள் நிற்கும் இடம், கண்ணாடி, இண்டிகேட்டர், சீட் கிழிசல், டாங்க் நெளிவு. இவற்றை எழுதுவதைவிட போனில் நான்கு படம் எடுப்பது சுலபம். அடுத்து, வண்டிக்காரர் சொன்ன குறையை அவர் வார்த்தையிலேயே பதிய வேண்டும். இங்கேதான் நல்ல மெக்கானிக்குகளும் அவசரப்படுகிறார்கள். அவர் “ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது” என்கிறார். நாம் “கிளட்ச் வேலை” என்று எழுதிவிடுகிறோம். பிளேட் மாற்றியும் இழுவை வரவில்லை என்றால், ஏர் ஃபில்டர் அடைப்பா, பின் பிரேக் பிடித்துக்கொண்டு சுற்றுகிறதா, கம்ப்ரஷன் இறங்கிவிட்டதா என்று திரும்பிப் பார்க்க கார்டில் ஒன்றும் இருக்காது. நாமே முடிவு கட்டி எழுதிய கார்டு அடுத்த முறை நம்மையே தப்பான இடத்துக்குக் கூட்டிப்போகும். குறை ஒரு கட்டம், நாம் கண்டது இன்னொரு கட்டம், செய்தது மூன்றாவது கட்டம். இந்த மூன்றையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளாத மென்பொருள் பட்டறைக்கு ஆகாது.

கழற்றிய பிறகு தெரிய வருகிற வேலை இன்னொரு சிக்கல். “செயின் ஸ்ப்ராக்கெட்டும் தேஞ்சு போச்சு, மாத்திரவா?” என்று போன் போட்டுக் கேட்கிறோம், அவர் சரி என்கிறார். சாயங்காலம் தொகையைப் பார்த்ததும், “நான் எப்ப சொன்னேன்?” என்கிறார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இயந்திரச் சத்தத்துக்கு நடுவே பேசிய பேச்சு அது. தேய்ந்த பல்லின் படத்தையும் விலையையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, வந்த பதிலை நேரத்தோடு கார்டில் சேர்த்துவிட்டால் அந்தச் சண்டைக்கு இடமில்லை. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே கையில் கொடுத்துவிடுவது அதைவிட நல்லது.

ஒழுங்கான பராமரிப்பு புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிதல்ல. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912 வாக்கில் பஸ் தொழிலைத் தொடங்கியபோது ஓட்டிய தொடக்ககால வழித்தடங்களில் ஒன்று தஞ்சாவூர்–புதுக்கோட்டை. அவர் பஸ் வருகிற நேரத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். அந்தக் காலத்துச் சாலையில், அந்தக் காலத்து டயரோடு நேரம் தவறாமல் வண்டி ஓட வேண்டுமென்றால், எது எப்போது நிற்க வேண்டும் என்பதைப் பழுது வந்து தீர்மானிக்க விடக் கூடாது. முன்கூட்டியே நிறுத்திப் பார்க்க, அந்த வண்டியில் என்ன செய்தோம் என்ற பதிவு வேண்டும். கணினி பிறப்பதற்கு முன்பே காகிதத்தில் நடந்த காரியம் இது.

இனி உதிரிபாகம். பணம் அதிகம் முடங்குவது இங்கேதான். கம்பெனி ஸ்பேரும் லோக்கல் ஸ்பேரும் ஒரே பெயரில் கணக்கில் இருக்கக் கூடாது. ஒரே பிரேக் ஷூவானாலும் இரண்டு சரக்கு, இரண்டு எண், இரண்டு இடம். போன தடவை போட்டது எது என்று வண்டிக்காரர் கேட்டால் கார்டைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். 900 மில்லி ஆயில், பிளக், கிளட்ச் கேபிள் மாதிரி ஓடுகிற சரக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு வைத்தால், திருச்சிக்கு ஆள் அனுப்பி அரை நாளை இழக்க வேண்டாம். ஓடாத சரக்கையும் மென்பொருள்தான் காட்டிக்கொடுக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி கட்டாயமானதும் புதிய பைக்குகள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டன. கார்பரேட்டர் கிட் இன்னும் விற்கும். ஆனால் ஒவ்வொன்றும் கடைசியாக விற்ற தேதியைப் பார்க்காமல் இன்று மொத்தமாக வாங்கிப் போட்டால் பணம் அலமாரியிலேயே தூங்கும்.

வரியில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 2018 ஜூன் 8 தேதியிட்ட மத்திய மறைமுக வரி வாரியச் சுற்றறிக்கையின்படி, சர்வீஸ் பில்லில் பாகத்தின் மதிப்பையும் லேபரையும் தனித்தனியாகக் காட்டினால் அதனதன் விகிதத்தில் வரி. பைக், காருக்கு இப்போது இரண்டும் 18க்கு வந்துவிட்டதால் பெரிய வித்தியாசம் இல்லை. டிராக்டருக்கு உண்டு. 5 சதவீதப் பாகமும் 18 சதவீத லேபரும் ஒரே பில்லில் வரும். மொத்தமாக ‘டிராக்டர் வேலை’ என்று ஒரு தொகை போடுகிற பட்டறை, விவசாயியிடம் தேவைக்கு மேல் வரி வாங்கும். இல்லையென்றால் குறைவாகக் கட்டி நோட்டீஸ் வாங்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் தனி எச்.எஸ்.என். குறியீடு, தனி வரி விகிதம் வைக்க வழியுள்ள மென்பொருள் ஆவூருக்கு அவசியம்.

ஜி.எஸ்.டி. பதிவு வரம்பிலும் குழப்பம் இருக்கிறது. 40 லட்சம் என்று கேள்விப்பட்டதை நம்பிக்கொண்டு இருக்கிறார்கள். அது பொருள் மட்டும் விற்கிறவருக்கு. லேபர் வாங்குகிற பட்டறைக்கு வரம்பு நிதியாண்டுக்கு 20 லட்சம் ரூபாய். நாம் பில்லில் சேர்த்து விற்கிற ஸ்பேரும் அதற்குள் அடக்கம். 300 வேலை நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 6,700 ரூபாய்கூட இல்லை. மூன்று பேர் வேலை செய்கிற கடை, ஸ்பேரும் தானே வைத்தால், சத்தமில்லாமல் இதைத் தாண்டிவிடும். வருஷத் தொடக்கத்திலிருந்து ஓடிய மொத்த விற்றுமுதல் முதல் திரையிலேயே தெரிய வேண்டும்.

எதை வாங்குவது? டேலி தெரிந்த கணக்குப்பிள்ளை இருந்தால் கணக்கு அதில் இருக்கட்டும். 1996இல் தொடங்கி இன்று தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலிருந்தும் வேலை செய்கிற ஸோஹோவிடம் கணக்கு, பில் மென்பொருள்கள் உண்டு. ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் கட்டற்ற மென்பொருள். நிறுவிக் கொடுக்க விவரமானவர் வேண்டும். கராஜுக்கென்றே செய்தவையும் சந்தையில் பல இருக்கின்றன. பெயரைவிட, விற்க வருகிறவரிடம் வைக்க வேண்டிய கேள்விகள் முக்கியம் என்று நினைக்கிறோம். நெட் இல்லாதபோது கார்டு திறக்குமா? கிரீஸ் கையோடு நிற்கிற பையன் தமிழில் பேசிப் பதிய முடியுமா? சந்தாவை நிறுத்தினால் என் வண்டிகளின் வரலாறு முழுவதும் எக்செல் கோப்பாக என் கைக்கு வருமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அவரை அனுப்பிவிடலாம். கேட்கும்போதே ஒரு மாதிரிக் கோப்பை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

நாம் அந்த வரலாற்றை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வண்டி கணினிமயமாக ஆக, பழுதின் விவரம் உற்பத்தியாளரிடமும் அவருடைய டீலரிடமும் போய்ச் சேர்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012லேயே வெளிப் பட்டறைகளுக்கும் அந்த விவரம் கிடைக்கச் சட்டம் செய்தது. இந்தியாவில் 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் துறை எடுத்த முயற்சியில் வாகனமும் விவசாயக் கருவியும் இடம்பெற்றன. அந்த உரிமை முழுதாக வந்து சேரும்வரை சுதந்திரப் பட்டறையின் கையில் இருப்பது, தான் பார்த்த வண்டிகளைப் பற்றித் தானே எழுதிவைத்த பதிவு மட்டுமே. அதே பதிவில் வாடிக்கையாளரின் போன் எண்ணும் ஆர்.சி. படமும் இருக்கின்றன. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் கேட்டார் என்று பட்டியலைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. சட்டத்துக்கு முன்பே, நம்பி எண் கொடுத்த மனிதருக்கு நாம் பட்டிருக்கிற கடமை அது.

மென்பொருள் எந்த மெக்கானிக் எத்தனை வேலை செய்தார் என்றும் காட்டும். அதைப் பையன்களை விரட்டுவதற்கு வைத்துக்கொள்கிற முதலாளியிடம் கார்டு பொய்யாகத்தான் நிரம்பும். எண்ணிக்கையை அவர்களும் பார்க்கட்டும். ஊக்கத்தொகை அதிலிருந்தே கணக்காகட்டும். எந்த வேலை அதே மாதத்தில் திரும்பி வந்தது என்பதைச் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் இளையவர் தொழில் கற்றுக்கொள்வார்.

பெரும்பாலான கடைகளில் மென்பொருள் தோற்பது ஒரே இடத்தில். பகல் முழுக்கப் பழைய நோட்டில் கிறுக்கி, ராத்திரி கடை சாத்தும்போது முதலாளி நினைவிலிருந்து கணினியில் ஏற்றுவார். ஒரு வாரம் நடக்கும். பிறகு பில் மட்டும் ஏறும், கார்டு நின்றுவிடும். ஆகவே முதல் மாதம் ஸ்பேர் இருப்பு, கடன் கணக்கு எதையும் ஏற்ற வேண்டாம். வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் கார்டு மட்டும் திறந்தால் போதும். வாசலில் வண்டியை வாங்குகிறவர் கையில் போன் இருக்க வேண்டும், முதலாளி மேசையில் அல்ல. இரண்டாவது மாதம் கடன் நோட்டை ஏற்றலாம். பழைய பாக்கியை எழுதும் முன் அவரவரிடம் தொகையைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிட வேண்டும். இருப்பு கடைசியில் வரட்டும். மார்ச் கடைசி ஞாயிறு கடையைச் சாத்தி, அலமாரி அலமாரியாக எண்ணி, இடையில் வாங்கியதையும் விற்றதையும் சரிக்கட்டி, ஏப்ரல் 1 காலை தொடக்க இருப்பைப் போட்டால் நிதியாண்டுக் கணக்கும் சரியாகப் பொருந்தும். எண்ணுகிற அன்று பையன்களுக்கு முழுச் சம்பளமும் சாப்பாடும் கொடுத்துவிடுங்கள்.