குழாய் பெரிசானா பவர் பெரிசாகுமா?

ரெண்டு நாளா எங்க வீட்டுல அப்பாவும் பிள்ளையும் பேசிக்கலை. காரணம், ஒரு குழாய்!

புனேக்கு மாற்றலாகி வந்தப்ப செகண்ட் ஹேண்டுல வாங்கின மாருதி எஸ்டீம் எங்ககிட்ட இருக்கு. வருஷா வருஷம் கும்பகோணம் வரைக்கும் போய் வந்த வண்டி. இப்ப காலேஜ் போற பையன் கையில. கம்பெனி மேனிஃபோல்டைக் கழற்றிட்டு 42 மி.மீ. உள்விட்டத்துல எக்ஸாஸ்ட் ஹெடர் மாட்டணுமாம். "பெரிய குழாய்னா இன்ஜின் நல்லா மூச்சு விடும்பா"ங்கறான். நான் "வேண்டாம்"னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டேன். தப்பு என் மேலதான். காரணம் சொல்லாம லோன் மனுவைத் திருப்பினா எந்த கஸ்டமருக்குத்தான் கோபம் வராது?

நான் படிச்சது பி.காம். இன்ஜின் தெரியாட்டாலும் கணக்கு தெரியும் :-) உட்கார்ந்து படிச்சேன்.

சிலிண்டர்லேர்ந்து புகை வேகமா ஓடினா, பின்னாடி ஒரு வெற்றிடம் மாதிரி உண்டாகி மிச்சப் புகையையும் இழுத்துட்டுப் போகும். அந்த இழுப்புல புதுக் காத்தும் நல்லா உள்ளே வரும். குழாய் ரொம்ப ஒல்லியா இருந்தா அதிக ஆர்.பி.எம்.ல மூச்சு முட்டும். ரொம்பப் பருமனா இருந்தா புகை சோம்பிப் போயிடும், இழுப்பு இருக்காது. புகையோட சராசரி வேகம் விநாடிக்கு 73 மீட்டர் பக்கம் வர்ற இடத்துல டார்க் உச்சம் இருக்கும்ங்கறது டியூனர்கள் வச்சிருக்கற ஒரு தோராய விதி.

இனி கணக்கு. 1298 சி.சி., 4 சிலிண்டர். ஒண்ணுக்கு 324.5 சி.சி. 4,500 ஆர்.பி.எம்.ல பிஸ்டன் ஒரு தடவை மேலே வர விநாடியில 150ல் ஒரு பங்கு நேரம். அதுக்குத் தேவையான உள்விட்டம் சுமார் 29 மி.மீ. 35 மி.மீ. போட்டா உச்சம் 6,500க்குப் போகும். பையன் கேட்ட 42 மி.மீ.க்கு? 9,300! நம்ம எஸ்டீம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. கைக்கு வராத வருமானத்தை நம்பி இ.எம்.ஐ. கட்டற கதைதான்.

நான் சொல்ல வர்றது இதுதான். ஹெடர் அளவை கடைக்காரரோ நண்பரோ தீர்மானிக்கக் கூடாது. நீங்க அதிகமா ஓட்டற ஆர்.பி.எம். தீர்மானிக்கணும். ரேஸ் டிராக்குக்கு 4-1 ஹெடரும் பெரிய குழாயும் சரி. டிராஃபிக்குக்கும் காட்ரஜ் மலைப்பாதைக்கும் அளவான குழாய்ல 4-2-1 போதும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்ற மெக்கானிக் இருந்தா அந்தக் கடைக்கே போகாதீங்க.

காகிதத்தைப் பையன்கிட்ட கொடுத்தேன். அவனே ஒரு தடவை போட்டுப் பார்த்தான். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நாம ஓட்டறது 2,000லேர்ந்து 4,000 வரைக்கும்தானேப்பா? இந்தக் குழாயே இருக்கட்டும்"னான். மிச்சமான காசுல முதல்ல லீக் ஆயிட்டிருந்த மேனிஃபோல்ட் கேஸ்கெட்டை மாத்தினோம்.

உங்க வீட்டுப் பசங்களும் கேப்பாங்க. "வேண்டாம்"னு மட்டும் சொல்லாதீங்க. கணக்கைக் கையில கொடுங்க, முடிவை அவங்களே எடுப்பாங்க.